விண்வெளி வீரன் பொதியில் வந்தால்

கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பிய ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மை கல்முனை வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் பெட்டியைக் கிழிக்கத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

1. பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்த பிறகே பிரியுங்கள். உடைந்து வந்திருந்தால் விற்றவரிடம் காட்டச் சான்று வேண்டும்.

2. துணைப்பொருட்களை முதலில் எண்ணுங்கள். வாள், துப்பாக்கி, மேலங்கி எல்லாம் சிறியவை. தொலைந்தால் பொம்மையின் மதிப்பும் இறங்கும்.

பழையது வாங்குவோர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். 1978இல் கென்னர் நிறுவனம் வெளியிட்ட, ‘ஜாவா’ என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மையில் வினைல் அங்கி போட்டது மிக அரிது, துணி அங்கி போட்டது சாதாரணம். அந்த வினைல் அங்கிக்குப் போலிகளும் உண்டு.

3. இறுகிய மூட்டுகளை வலிந்து திருப்பாதீர்கள். சுடுநீரில் சற்று நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகும். வளைந்த வாளும் இப்படியே நிமிரும். விளக்கெரியும், சத்தம் போடும் பொம்மைக்கு இது ஆகாது.

4. விளையாடாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகள் அரித்துப்போகும். கடற்கரையின் உப்புக்காற்று அதை இன்னும் விரைவாக்கும்.

5. யன்னலோர வெயிலில் வைக்க வேண்டாம். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும்.