தியரி பிசிக்ஸ் படித்தால் வாத்தியார் வேலைதானா?

நம்பிக்கை: கோட்பாட்டு இயற்பியல் படித்தவருக்குக் கல்லூரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

மதுரை வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத பிசிக்ஸ் மாணவர் அபூர்வம். அமெரிக்கன் கல்லூரியிலோ தியாகராசரிலோ பட்டம், பல்கலை நகரில் பிஎச்.டி., பிறகு கௌரவ விரிவுரையாளராகச் சொற்பச் சம்பளத்தில் டி.ஆர்.பி. அறிவிப்புக்குக் காத்திருப்பு. நல்ல மூளைகள் இப்படி முடங்குவது எனக்கு ஆறாத வருத்தம்.

உண்மை: மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவி ஒன்றையே பாருங்கள். மான்டி கார்லோ முறை 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் உலாம், வான் நாய்மன், மெட்ரோபோலிஸ் ஆகியோரிடம் உருவானது. பொருளுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பரவும் என்பதே அன்றைய கேள்வி. தற்செயல் எண்களை வைத்து லட்சக்கணக்கான துகள்களைக் கணினியில் ஓடவிட்டுச் சராசரி எடுப்பார்கள். நிதிச் சந்தையில் ஆப்ஷன்களுக்கு விலை வைப்பதற்கும், புற்றுநோயாளியின் உடலில் எந்தத் திசுவில் எவ்வளவு கதிர்வீச்சு இறங்கும் என்று கணிப்பதற்கும் இன்று இதே முறை உதவுகிறது.

இதில் இரண்டாவதான கதிர்வீச்சுக் கணிப்பு வேலை மதுரைக்குள்ளேயே இருக்கிறது. கதிர் சிகிச்சை தரும் மருத்துவமனை எதுவானாலும் மருத்துவ இயற்பியலாளர் இருந்தாக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையத்துக்கும் அது பொருந்தும், தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். கட்டிக்கு முழு அளவும் பக்கத்து உறுப்புக்குக் குறைந்த அளவும் போய்ச் சேருமாறு திட்டமிடுவதும், கருவி சொன்னபடி கதிர் விடுகிறதா என அளந்து பார்ப்பதும் அவர் பொறுப்பு. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் டிப்ளமோவில் சேரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. உண்டு. படிப்புக்குப் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. உயிர் காக்கும் இந்த வேலையைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேச்சே எழுவதில்லை.

நம்பிக்கை: துறையை விட்டுப் போவது தோல்வி.

உண்மை: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பிஎச்.டி. முடித்தார், ஆய்வு கோட்பாட்டில்தான். கையோடு உயிரியலில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். 2009இல் வேதியியல் நோபல். சி.வி. ராமன் சோதனை இயற்பியலாளர்தான், ஆனாலும் அவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1907 முதல் 1917 வரை அவர் அரசு நிதித்துறை அதிகாரி. ஆபீஸ் நேரம் போகத்தான் ஆராய்ச்சி.

நம்பிக்கை: 'டாக்டர்' பட்டம் இருந்தால் கம்பெனிகள் தேடி வரும்.

உண்மை: வராது. இதை மாணவர்களிடம் ஒளிக்கக் கூடாது. துகள் இயற்பியல் கோட்பாட்டாளரான இமானுவல் டெர்மன் 1985இல் கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் சேர்ந்து புகழ்பெற்றார். அதற்கு முன் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டு இருந்தபோது புரோகிராமிங்கில் நன்றாகத் தேறியிருந்தார். ஆப்ஷன் விலைக்கான பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை மாற்றி எழுதினால் வெப்பப் பரவல் சமன்பாடு வரும், எம்.எஸ்சி. மாணவர் அதைத் தாளில் தீர்த்துவிடுவார். ஆனால் நேர்காணலில், ஓடுகிற நிரலைக் கேட்பார்கள். அந்த நிதித்துறை வேலைகளும் பெரும்பாலும் மும்பையிலும் பெங்களூரிலும்தான்.

ஆகவே ஆய்வு நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஐந்தாம் ஆண்டில் தவிக்கும்வரை விடாமல், இரண்டாம் ஆண்டிலேயே பைத்தானும் புள்ளியியலும் கற்க நேரம் கொடுங்கள். அடுத்த துறைக் கருத்தரங்குக்கு நம் ஊர் மருத்துவமனை ஒன்றின் மருத்துவ இயற்பியலாளரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.