டிஸ்னிலேண்ட் குடும்பப் படங்களும் அவற்றின் பின்னணிச் சான்றுகளும்

குடும்பத்தார் தாமே எடுத்துத் தமக்கென்றே வைத்துக்கொண்ட புகைப்படங்களுள், தீம் பார்க்கில் எடுக்கப்பட்டவை மிகக் குறைந்த மதிப்பையே பெற்றுவருகின்றன. திருமணப் படங்களும் பட்டமளிப்புப் படங்களும் சட்டமிடப்பட்டுச் சுவரில் ஏற, பூங்காப் படங்கள் எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலவே இருப்பவை என்று கருதப்பட்டு, பரணில் கிடக்கும் அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் படங்களை ஆண்டுவாரியாக ஒழுங்குசெய்ய முனைவோருக்கு இவற்றைப்போல் உறுதியான சான்று எளிதில் வாய்ப்பதில்லை. வீட்டு வாசலில் எடுத்த படத்தின் ஆண்டைக் குழந்தையின் உயரத்தைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும்; பூங்காப் படத்திலோ குழந்தையின் தோளுக்குப் பின்னால் தெரியும் கட்டடமும் வண்டியும் எப்போது வந்தன, எப்போது அகற்றப்பட்டன என்பது பொதுப் பதிவாகவே கிடைக்கிறது.

தீம் பார்க் என்பது, ராட்டினங்களை வெறுமனே வரிசையாக நிறுத்திய பொருட்காட்சித் திடலைப் போலன்றி, நிலப்பரப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கட்டடம், ஊர்தி, பணியாளர் உடை ஆகிய அனைத்தையும் ஒரே கற்பனை உலகத்துக்கு இயைய அமைத்த கேளிக்கைப் பூங்காவாகும். கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் இவ்வகைக்கு முதன்மையான எடுத்துக்காட்டு. அப்பூங்கா ஒருபோதும் முழுமையடையாது என்று அதன் நிறுவனரான வால்ட் டிஸ்னி கூறிவந்தார். அவர் 1966-இல் மறைந்த பிறகும் இடிப்பதும் கட்டுவதும் இடம் மாற்றுவதும் அங்கு ஓயவில்லை. இந்த ஓயாத மாற்றம்தான் பழைய படங்களுக்குக் காலக்குறிப்பாக அமைகிறது.

அவ்வாறு காலத்தைக் கணிக்கும் முறை எளியது. பொறுமை மட்டுமே வேண்டும். படத்தில் உள்ள ஒன்று எந்த ஆண்டில் வந்தது என்பது முன் எல்லையையும், பின்னர் அகற்றப்பட்ட ஒன்று இன்னும் தெரிவது பின் எல்லையையும் தருகின்றன. தலைக்கு மேலே ஸ்கைவே என்னும் ரோப் காரின் வண்ணப் பெட்டிகள் தொங்கினால், அப்படம் 1956-க்கும் 1994-க்கும் இடைப்பட்டது. பின்னால் மேட்டர்ஹார்ன் என்னும் செயற்கைப் பனிமலையோ மோனோரயிலோ தெரிந்தால் 1959-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. பிளாஸ்டிக்கால் ஆன வெண்ணிற எதிர்கால வீடு 1957 முதல் 1967 வரையே நின்றது. டுமாரோலேண்ட் பகுதியின் ஏரியில் 1959-இல் இயங்கத் தொடங்கிய நீர்மூழ்கிகள் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்து, 1980-களில் மஞ்சள் நிறம் பூசப்பெற்றன. ஆகவே நீர்மூழ்கியின் நிறம் மட்டுமே தலைமுறையைப் பிரித்துக் காட்டிவிடும். ஃபேண்டஸிலேண்ட் பகுதியில் நின்ற கடற்கொள்ளையர் கப்பலும், 1960-இல் அதன் அருகே அமைந்த மண்டையோட்டுப் பாறையும் 1982-இல் அகற்றப்பட்டு, அப்பகுதி முழுவதும் 1983-இல் புதுக்கோலம் பூண்டபோது சுழலும் தேநீர்க் கோப்பைகளும் இடம் மாறின. பூங்காவின் நடுவட்டத்தில் வால்ட் டிஸ்னி மிக்கி மவுஸின் கையைப் பிடித்து நிற்கும் வெண்கலச் சிலை தெரிந்தால் அது 1993-க்குப் பிற்பட்ட படம். மிக்கியே ஒரு சான்றுதான்: தொடக்க ஆண்டுகளில் பனிச்சறுக்கு நடனக் குழுவொன்றின் உடைகளே இரவலாகப் பயன்பட்டமையால், அக்காலப் படங்களில் குழந்தையை அணைத்து நிற்கும் மிக்கியின் முகம் இன்றைய முகத்தோடு சற்றும் ஒத்திராது.

இம்முறையில் வழுக்கி விழச்செய்யும் இடங்களும் உண்டு. ஹாண்டட் மேன்ஷன் என்னும் பேய் மாளிகையின் வெளிக்கட்டடம் 1963-இலேயே முடிந்துவிட்டது. மக்கள் உள்ளே நுழைந்ததோ 1969-இல்தான். மாளிகை தெரிகிறது என்பதனால் படத்தை 1969-க்குப் பின்னே தள்ளிவிடுவோர் ஆறு ஆண்டுகள் வரை பிழைபடக்கூடும். மற்றொன்று, ஊரையே மாற்றிக் குறித்துவிடுவது. அனஹைமின் கோட்டை ஏறத்தாழ 23 மீட்டர் உயரமே உடையது; 1971-இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட டிஸ்னி பூங்காவின் கோட்டையோ 57 மீட்டரைத் தாண்டும். கோட்டை மரங்களுக்கு மேல் சற்றே தலைநீட்டினால் கலிபோர்னியா, வானத்தைப் பெருமளவு மறைத்து நின்றால் புளோரிடா என்று கொள்ளலாம். நுழைவாயில் தெருவின் கட்டடங்கள் மேலே செல்லச் செல்ல அளவில் சுருங்குமாறு கட்டப்பட்டவை. பார்வைக்கு உயரத்தைக் கூட்டிக் காட்டும் இந்த உத்தியை அறியாதவர், அருகில் நிற்போரின் உயரத்தைக் கட்டடத்தோடு ஒப்பிட்டு வயதைக் கணிக்கும்போது ஏமாந்துபோவர்.

படங்களை ஒளிவருடுவதற்கு, அதாவது ஸ்கேன் செய்வதற்கு, முன்னரே அவற்றின் புறச்சான்றுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது இப்பணியில் ஈடுபட்டவர்கள் ஒருமித்துக் கூறும் பாடம். அமெரிக்காவில் 1950-களிலும் 1960-களிலும் அச்சிட்ட படங்களின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்படுவதுண்டு. ஸ்லைடு எனப்படும் ஒளிபுகு படங்களின் அட்டைச் சட்டத்திலும் அவ்வாறே. அது ஃபிலிம் கழுவிய மாதமே அன்றிப் படம் எடுத்த மாதம் அன்று. ஒரே ரோலில் கிறிஸ்துமஸும் கோடை விடுமுறையும் அடங்கிய வீடுகள் பல. ஆகவே அம்முத்திரையைப் பின் எல்லையாக மட்டுமே கொள்ள வேண்டும். நெகட்டிவின் ஓரத்தில் உள்ள எண்கள் காட்சிகளின் வரிசையைக் காப்பாற்றித் தருவதால், ஸ்டூடியோ உறையிலிருந்து அவற்றை எடுத்துக் கலைத்துவிடக் கூடாது. படத்தின் வடிவமும் பேசும்: 1963-இல் வெளிவந்த இன்ஸ்டமாட்டிக் கேமரா சதுரப் படங்களைப் பெருக்கியது, ஆயினும் அதற்கு முந்திய பெட்டிக் கேமராக்கள் சிலவும் சதுரப் படமே தந்தமையால், வடிவத்தை மட்டும் நம்பி முடிவுசெய்தல் தகாது. ஆல்பத்தின் இடுக்கில் பயன்படுத்தாத சவாரிச் சீட்டு கிடைப்பின் அதுவும் பொக்கிஷமே. சவாரிகளை ஆங்கில எழுத்துகளால் தரம்பிரித்த சீட்டுப் புத்தக முறை 1955-இல் தொடங்கி 1982-இல் கைவிடப்பட்டது. உயர்ந்த தரமான 'ஈ' சீட்டு 1959-இல்தான் சேர்ந்தது.

1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அமெரிக்கா சென்ற தமிழ் மருத்துவர்கள், பொறியாளர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு இதில் தனித்தவொரு வாய்ப்பு உண்டு. ஊரில் இருந்த பெற்றோருக்குப் படத்தின் ஒரு பிரதியை அனுப்புவது வழக்கமாயிருந்தது; மடித்து ஒட்டும் ஏரோகிராமில் எதையும் உள்ளிட அனுமதியில்லை என்பதால் அவை தனி ஏர்மெயில் உறையில் சென்றன. பெறுவோர் படிப்பதற்காகப் பின்புறத்தில் தமிழில் எழுதிய குறிப்பும், உறையின் அஞ்சல் முத்திரையும் அமெரிக்காவில் தங்கிவிட்ட பிரதியில் இரா. ஆகையால் இத்தகைய குடும்பத்தார் அங்குள்ள ஆல்பத்தோடு நின்றுவிடாமல், மதுரையிலோ திருச்சியிலோ உள்ள பெரியம்மா, சித்தப்பா வீட்டுப் பீரோக்களையும் கேட்டுப் பார்ப்பது நலம்.

படம் எடுத்தவர் படத்தில் இல்லை என்பது எல்லாக் குடும்ப ஆல்பங்களுக்கும் பொதுவான குறை. ஆனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுக்குமாறு அக்காலக் கேமராக் கையேடுகள் அறிவுறுத்தியதால், காலையிலோ மாலையிலோ எடுத்த படங்களின் அடிப்பகுதியில் எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கும். குழந்தைகள் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்கும் அதுவே காரணம். புடவையின் விளிம்போ தொப்பியின் வளைவோ அந்நிழலில் தெரிந்தால், எடுத்தவர் தாயா தந்தையா என்பது புலனாகிவிடும். படத்தின் அடியை வெட்டி 'அழகு' செய்வோர் பெரும்பாலும் அந்த ஒரே தடயத்தைத்தான் வெட்டி எறிகின்றனர். அன்று முழுவதும் பையையும் கேமராவையும் சுமந்து நடந்தவர் ஆல்பத்தில் எங்கும் இல்லாமற்போவது பெரும் இழப்பாதலால், இந்நிழல்களைக் காப்பது இப்பணியின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

பெரியவர்களிடம் கேட்டறிவதிலும் ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது. படத்தைக் காட்டிய பின் கேட்டால், கிடைக்கும் விடை நினைவிலிருந்து வருகிறதா, படத்திலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய இயலாது. உளவியல் இதனை வலுவாக மெய்ப்பித்திருக்கிறது. கேத்ரின் பிரான், எலிசபெத் லாஃப்டஸ் முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் டிஸ்னி பூங்காவுக்குச் சென்றிருந்தவர்களிடம், அங்கே பக்ஸ் பன்னி என்னும் முயலோடு கைகுலுக்குவதாக அமைந்த பொய் விளம்பரமொன்றைக் காட்டினர். பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் பாத்திரம். டிஸ்னி பூங்காவில் அதனைச் சந்தித்திருக்கவே முடியாது. அவ்வாறிருந்தும் ஒரு பகுதியினர் தாம் அதனைச் சந்தித்ததாகவே நம்பத் தலைப்பட்டனர். அதே ஆண்டில் கிம்பர்லி வேட் முதலியோர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பதாக மாற்றியமைத்த சிறுவயதுப் படத்தைக் கண்ட 20 பேரில் பாதிப்பேர், நிகழாத அப்பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர். ஆகவே முதலில் படமின்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகே படத்தைக் காட்டிக் கேட்பது முறை. எந்த ஆண்டு என்று கேட்பதைவிட, அப்போது எந்த வீட்டில் குடியிருந்தார்கள், எந்தக் கார் இருந்தது, மதியம் எதைச் சாப்பிட்டார்கள், யார் அழுதார்கள் என்று கேட்டால் விடைகள் தாராளமாக வருகின்றன.

இந்த ஆய்வுகளே, செயற்கை நுண்ணறிவு கொண்டு படங்களைத் தெளிவாக்கும் இன்றைய வழக்கத்தில் எச்சரிக்கை தேவை என்பதையும் உணர்த்துகின்றன. மங்கிய முகத்துக்கு அத்தகைய செயலிகள் வரைவது அம்முகத்தை அன்று. அதுபோன்ற முகம் எப்படியிருக்கலாம் என்ற கணிப்பையே அவை வரைகின்றன. பின்னணிப் பெயர்ப்பலகையின் எழுத்துகளும் அவ்வாறே புனையப்படும். பாட்டியின் முகம் என்று பேரக்குழந்தை மனத்தில் பதியவைத்துக்கொள்வது எந்திரம் கற்பித்த முகமாக இருக்கலாகாது. செயலியைப் பயன்படுத்தியே தீர வேண்டுமெனில், மாற்றிய படத்துக்கு அவ்வாறே பெயரிட்டு, மூலத்தை மாற்றாமல் தனியே வைக்க வேண்டும். நிறத்திருத்தம் மட்டும் இதற்கு விலக்கு எனலாம். வண்ணப் படம் என்பது நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாய அடுக்குகளால் ஆனது. 1970-களின் அச்சுப்படங்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலும் விரைந்து மங்கியதால், அக்காலமே செந்நிறமாக இருந்ததுபோல் தோன்றுகிறது. இதற்கு மாறாக, கோடக்ரோம் ஸ்லைடுகள் இருட்டில் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கின்றன. புரொஜெக்டரின் ஒளியே அவற்றுக்குப் பகை. எனவே அவற்றைத் திரையிட்டு மகிழ்வதைவிட ஒருமுறை ஒளிவருடிவிட்டு மூடிவைப்பது நல்லது.

ஒளிவருடுவதற்கு அச்சுப்படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளியும், ஸ்லைடுகளுக்கு 2400 முதல் 4000 புள்ளிவரையும் போதுமானவை. பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதனையும் தனிக்கோப்பாக எடுக்க வேண்டும். 1970-களில் பரவிய, பசைபூசிய பக்கத்தின் மீது பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களில், காலப்போக்கில் பசை இறுகிப் படம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகில்லாத பல்துலக்கு நூலை அடியில் செலுத்தி மெல்ல அறுத்தெடுக்கலாம், அதற்கும் இசையாவிடின் பக்கத்தோடு சேர்த்தே ஒளிவருடிவிட்டு அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை. தமிழ்நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் படியுமாதலால், பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து பாலிப்ரோப்பிலீன் உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தல் வேண்டும். பரண் இதற்கு முற்றிலும் ஒவ்வாத இடம்.

எந்தப் படத்தைக் கழிப்பது என்ற கேள்வி எழும்போது வழக்கமான அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது. படம் எடுக்க உகந்த இடங்களைப் பூங்காவே பலகை வைத்துக் காட்டியதால், கோட்டைக்கு முன் நின்ற படம் கோடிக்கணக்கான குடும்பங்களிடம் ஏறத்தாழ ஒரே கோணத்தில் இருக்கும். வரிசையில் அலுத்து நிற்கும் அத்தை, வண்டி நிறுத்துமிடத்தில் திறந்து கிடக்கும் காரின் பின்கதவு, பெஞ்சில் உறங்கிவிட்ட குழந்தை, கை அசைந்து கலங்கிய நீர்மூழ்கி ஆகியவை வேறெங்கும் கிடைக்க மாட்டா. காலத்தை நிறுவும் சான்றும் பெரும்பாலும் இவற்றில்தான் மறைந்திருக்கிறது. கோப்புக்குப் பெயரிடுகையில் ஓர் ஆண்டைத் துணிந்து எழுதாமல் '1967–1976' என்பதுபோல் எல்லைகளை எழுதி, அவ்வாறு கருதியதன் காரணத்தையும், அதாவது நீர்மூழ்கி சாம்பல் நிறத்தில் இருப்பது, 1967-இல் புதுப்பித்த டுமாரோலேண்ட் தெரிவது, 1977-இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் இல்லாதது ஆகியவற்றையும், கணினிக் குறிப்பில் மட்டுமன்றி மென்மையான பென்சிலால் ஓர் அட்டையிலும் எழுதி அதே உறையில் வைத்துவிட்டால், பின்னர் கையாள்பவர் அக்கணிப்பைச் சரிபார்க்கவும் திருத்தவும் இயலும்.