எண்ணெய் தரும் பூஞ்சைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மேசைக்குள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ரொட்டித் துண்டு ஒன்றைக் கண்டோம். அதன்மேல் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. "சீ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டோம். எங்கள் அறிவியல் ஆசிரியையோ சிரித்துக்கொண்டே, "இதன் உறவினர் சிலர் எண்ணெய் ஆலையே நடத்துகிறார்கள், தெரியுமா?" என்று கேட்டார். அன்று நாங்கள் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கொழுப்பு என்றாலே தீமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. 1929 ஆம் ஆண்டில் ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் வளர்ச்சி குன்றி நோயுற்றன. சில கொழுப்பு அமிலங்கள் உணவின் வழியாகவே வந்தாக வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த அரக்கிடோனிக் அமிலம் தாய்ப்பாலில் உள்ளது. இ.பி.ஏ. என்பது மீன் எண்ணெயில் உள்ளது. நம் உடல் இதனை மிகச் சிறிதளவே தானாக ஆக்கிக்கொள்ள முடியும்.

மீன் எண்ணெய்தான் இருக்கிறதே, பூஞ்சை எதற்கு என்று கேட்பீர்கள். பெரு நாட்டுக் கடலில் பிடிக்கப்படும் நெத்திலி இன மீன்களில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்கு வருவதில்லை. அவை மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றப்படுகின்றன. அந்த எண்ணெயில் ஒரு பங்கு மாத்திரைகளுக்கும், மற்றொரு பங்கு வளர்ப்பு மீன்களின் தீவனத்துக்கும் செல்கிறது. மீனுக்கு உணவாக மீனையே பிடித்தால் கடல் எத்தனை நாள் தாங்கும்? அந்தச் சிறு மீன்களை நம்பிப் பெரிய மீன்களும் கடற்பறவைகளும் வாழ்கின்றனவே!

இனிப் பூஞ்சையின் கதைக்கு வருவோம். தன் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் சேர்க்கும் நுண்ணுயிரை எண்ணெய் நுண்ணுயிர் என்பர். ரொட்டிக்கு நாம் இடும் ஈஸ்டும் ஒருவகைப் பூஞ்சையே. ஆனால் அது இவ்வளவு சேர்ப்பதில்லை. எண்ணெய்ப் பூஞ்சைக்குச் சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் குறைத்துவிட வேண்டும். நைட்ரஜன் இன்றேல் புரதம் இல்லை. புரதம் இன்றேல் புதிய செல்கள் உண்டாவதில்லை. ஆனால் சர்க்கரை வந்துகொண்டே இருக்கிறது. செலவுக்கு வழியில்லாத நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல, செல் அந்தச் சர்க்கரையை எண்ணெயாக்கிச் சேமித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காலின் ராட்லெட்ஜ் இத்துறையில் முன்னோடி. அவருடைய ஆய்வின் துணையோடு 1985 இல் செல்பி என்னும் ஊரில், மியூக்கர் என்ற பூஞ்சையிலிருந்து காமா லினோலெனிக் அமிலம் கொண்ட எண்ணெய் தயாரிக்கப்பட்டது. இந்த மியூக்கர்தான் எங்கள் ரொட்டிப் பூஞ்சையின் உறவினர். எண்ணெய் தரமாகவே இருந்தது. ஆயினும் போராஜ் என்னும் செடியின் விதை எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால், 1990 இல் தயாரிப்பு நின்றுபோயிற்று. ஆய்வுக்கூடத்தில் வென்றது அங்காடியில் தோற்றது! மார்ட்டியெரெல்லா என்ற மற்றொரு பூஞ்சை நல்ல பயன் தந்தது. அதன் அரக்கிடோனிக் அமிலம் குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படுகிறது.

இவை இயற்கையாகவே அவ்வமிலங்களைத் தருபவை. இல்லாத திறமையை ஒரு பூஞ்சைக்குக் கற்பிக்க முடியுமா? அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன விஞ்ஞானிகள் யாரோவியா என்னும் ஈஸ்டிடம் அதைச் செய்து காட்டினர். அந்த ஈஸ்ட் லினோலியிக் அமிலம் வரை தானே செய்யும். அதில் 18 கார்பன் அணுக்களும் 2 இரட்டைப் பிணைப்புகளும் உண்டு. இ.பி.ஏ.யில் 20 கார்பன் அணுக்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் உண்டு. ஆகவே 2 கார்பனும் 3 இரட்டைப் பிணைப்பும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி தேவை. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு தேவை. அந்த மரபணுக்களைப் பிற உயிர்களிடமிருந்து கடன் வாங்கினர். கடன் கொடுத்தவர்களுள் நம் பாடப்புத்தகத்து யூக்ளினாவும் ஒன்று!

அது மட்டும் போதவில்லை. செல்லுக்குள் கொழுப்பை எரிக்கும் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்பு உண்டு. அதனை உருவாக்க உதவும் மரபணு ஒன்றை நீக்கியபோது இ.பி.ஏ. வெகுவாகப் பெருகியது. 2013 இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, அந்த ஈஸ்டின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல், அதாவது 56.6 சதவீதம், இ.பி.ஏ. ஆகும். சிலி நாட்டின் வளர்ப்புச் சால்மன் மீன்களுக்கு இந்த ஈஸ்டைத் தீவனத்தில் கலந்தனர். ஒரு கிலோ சால்மனுக்குத் தேவையான எண்ணெய்க்கு 4 கிலோ சிறுமீன் வேண்டியிருந்த இடத்தில் 1 கிலோ போதும் என்று அதனை விற்றவர்கள் கூறினர்.

"உயிரின் மரபணுவை மாற்றலாமா?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். எங்களுக்குள் விவாதம் மூண்டது. அச்சத்தால் அறிவை ஒதுக்குவதும் சரியல்ல; ஆசையால் அவசரப்படுவதும் சரியல்ல. மாற்றப்பட்ட உயிர் வெளியே தப்பாதபடி மூடிய கலங்களில் வளர்க்க வேண்டும். எண்ணெயை நன்கு சோதித்த பின்பே உணவில் சேர்க்க வேண்டும். பூஞ்சைக்கு ஊட்டும் சர்க்கரையும் வயலிலிருந்தே வருகிறது என்பதை மறக்கலாகாது. கடலைக் காக்கப் போய் ஏழையின் வயலைப் பறித்துவிடக் கூடாது அல்லவா?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திய அந்தப் பூஞ்சையின் இனம், தாயைப் பிரிந்த குழந்தைக்கு ஊட்டமும் கடலின் சிறு மீனுக்குப் பாதுகாப்பும் தர வல்லது. அன்று ரொட்டித் துண்டைக் குப்பையில் போட்டோம், மேசையையும் கழுவினோம். ஆனால் அதற்குமுன் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே, வரிசையாக நின்று, ஒவ்வொருவராக அதைப் பார்த்தோம். நீங்களும் பாருங்கள், தோழியரே!