திராட்சைக்கு எந்த ஊதா?

கேள்வி: பொங்கல் வாழ்த்து அட்டையில் திராட்சைக் குலை அச்சு குத்தி, கலர் பென்சிலால் தீட்டுகிறேன். கோடு கோடாகத் தெரிகிறது; மையும் இழுபடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, அல்லிநகரம்

பதில்: மை இழுபடுவது உங்கள் கைக்குற்றம் இல்லை. ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் ஊற்றும் மை, பேடிலேயே காய்ந்துவிடக் கூடாதென்று மெதுவாகக் காயும்படி செய்தது. அச்சு குத்தியதை ஒரு ராத்திரி விட்டுவையுங்கள். வழவழப்பான சார்ட்டும் வேண்டாம். பென்சிலின் மெழுகு பிடித்து நிற்கச் சற்றே சொரசொரப்பான டிராயிங் தாள்தான் சரி.

இனி திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது; அதை வெறும் ஊதாவில் முடிப்பது அநியாயம்! வெளிச்சம் படும் இடத்தை வெள்ளையாக விட்டு, மீதியில் இளஞ்சிவப்பு, அதன்மேல் ஊதா, ஓரத்தில் கருநீலம். அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். நாலைந்து பூச்சுக்குப் பிறகுதான் கோடு மறையும். கடைசியில் மட்டும் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேயுங்கள்: நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும், பழத்தின்மேல் படிந்திருக்கும் அந்தச் சாம்பல் பூச்சும் வந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம் என்பார்கள். நிறம் கலப்பது உண்மைதான். அட்டையின் பின்பக்கம் வடை மடித்த பேப்பர் மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான்.