அருவ அச்சோவியம்: தகடா, திரையா, தெளிப்பா?

வரம்புற்ற பதிப்பு என்பது, இத்தனை படிகள்தாம் என்று முன்பே அறுதியிட்டு, அந்த எண்ணிக்கை நிறைந்ததும் அச்சிடுதல் நிறுத்தப்படுகிற ஓவிய வெளியீடாகும். புதுச்சேரி நெல்லித்தோப்பில் உள்ள தம் வீட்டுச் சுவருக்கென ஓர் அருவ ஓவியத்தை இம்முறையில் வாங்க முனைபவருக்கு மூவகைப் பொருள்கள் இந்த ஒரே பெயரில் காட்டப்படுகின்றன. முதலாவது, ஓவியரே உலோகத் தகட்டிலோ மரத்திலோ கல்லிலோ உருவாக்கிக் கையால் அச்சிடும் படம். இரண்டாவது, வண்ண ஓவியமொன்றைத் தழுவித் திரை அச்சில் எடுக்கப்படும் செரிகிராஃப். மூன்றாவது, கணினி அச்சுப்பொறி மையைத் தெளித்து உருவாக்கும் ஜிக்ளே. மூன்றின் கீழும் பென்சிலால் எழுதப்பட்ட எண் ஒன்றுபோலவே தோன்றினும், அவற்றின் மதிப்பு ஒன்றன்று.

ரவிவர்மாவின் தெய்வப் படங்கள் எண்ணெய்வண்ண அச்சாக வீடுதோறும் பரவியபோது வழிபடுவோர் எதையும் இழக்கவில்லை. ஏனெனில் அங்கே படத்தைத் தாங்கியது உருவமும் அதன் கதையும் ஆகும். அருவ ஓவியத்தில் அவ்விரண்டும் இல்லாமையால், மையின் தடிப்பும் தகடு அழுந்திய பள்ளமும் தாளின் இழையுமே படமாகின்றன. ஆகவே நகலெடுக்கும்போது மிகுதியாக இழப்பது இவ்வகை ஓவியமே.

1925இல் ஆந்திரத்தில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்து, பின்னர்ப் பாரிஸில் ஹேட்டர் 1927இல் நிறுவிய அத்தெலியே 17 என்னும் பட்டறையில் பணியாற்றிய கிருஷ்ணா ரெட்டியின் அச்சோவியங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஒரே தகட்டைப் பல ஆழங்களில் அரித்தும் செதுக்கியும், எண்ணெய் அளவால் இளகலும் கெட்டியுமாக வேறுபடுத்திய மைகளை மென்மையும் கடினமுமான உருளைகளால் ஏற்றி, பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் பாகுநிலை அச்சு முறையை வளர்த்தவர்களுள் அவர் ஒருவர். இம்முறையில் படிக்குப் படி நிறம் சற்றே மாறுவதால், ஒவ்வொன்றும் மூலப்படைப்பே. தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பன் பறத்தலையும் இயக்கத்தையும் கோடுகளாக்கிய அச்சோவியங்களும் அவ்வாறே அச்சுக்கென்றே சிந்திக்கப்பட்டவை. பொருள் அளவாக உள்ளவர், பெரும் பெயரின் நகலைவிட இத்தகைய மூல அச்சொன்றைத் தேர்வதே தக்கது.

செரிகிராஃபை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. ஓவியர் ரஸாவின் ‘பிந்து’ போன்ற தட்டையான, தெளிந்த நிறப்பரப்புகள் திரை அச்சுக்கு நன்கு இசைகின்றன. ஓவியர் மேற்பார்வையிட்டுக் கையொப்பமிட்டாரா என்பதே அங்கு வினா. தெளித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற ஜிக்ளேயோ சுவருக்கு அழகு தரலாம். சேகரிப்பு என்னும் நோக்கில் அதற்கு உயர்விலை தர நியாயம் குறைவு. பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால் நுண்புள்ளிகள் அதனைக் காட்டிவிடும்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் தேவை. 7/50 என்பது ஐம்பதில் ஏழாம் படியைக் குறித்தாலும், எண்ணிட்ட வரிசை பெரும்பாலும் அச்சிட்ட வரிசையன்று. ஆதலால் சிறிய எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். ஊசியால் நேரே கீறும் வறட்கீறல் தகடோ விரைவில் தேய்வதால், அதில் முற்படிகளுக்கு ஏற்றம் உண்டு. பாரிஸ் பட்டறைகளின் படங்களில் காணப்படும் ‘ஈ.ஏ.’ என்னும் சுருக்கம், ஓவியர் தமக்கென வைத்துக்கொண்ட படியைக் குறிக்கும் ‘எப்ரேவ் தார்த்தீஸ்த்’ என்பதாகும். இவை வழக்கமாகப் பதிப்பின் பத்தில் ஒரு பங்களவு இருப்பதால், மொத்தப் படிகளைக் கணக்கிடுகையில் இவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

புதுச்சேரியின் கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் தாளில் பழுப்புப் புள்ளிகளை எழுப்பி விலையைச் சரிப்பவை. எனவே சட்டம் போடுபவரிடம் அமிலமற்ற அட்டையைக் கேட்டு, கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடைவெளி விட்டு, வெளிச்சுவரைத் தவிர்த்து மாட்டுதல் வேண்டும்; தகட்டின் அழுத்தம் தெரியும் வெள்ளை ஓரத்தைச் சட்டத்தின் அளவுக்காக வெட்டுவதற்கு ஒருபோதும் இசையலாகாது.