சிவப்புப் பொத்தானும் அமானிதமும்



டிரிபிள்-ஈ படித்த நம் பிள்ளைகள் சிலர், ஆட்டோமேஷன் கோர்ஸில் சேர உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு விண்ணப்பம் தருகிறார்கள். சர்க்யூட் படம் படிக்கத் தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அந்த வேலைக்கு உயிரே அந்தப் படம். ஆகவே ஒரு சிறு பாடம்.

தொழிற்சாலை இயந்திரங்களில் காளான் வடிவில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆபத்து என்றால் அதை அடிக்க வேண்டும், இயந்திரம் நின்றுவிடும். அழுத்தினால் இணைகிற கான்டாக்ட்டை உள்ளே வைத்தாலும் நிறுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அந்த வயரை எலி கடித்துவிட்டது என்று வையுங்கள். இயந்திரம் வழக்கம்போல ஓடும், யாருக்கும் தெரியாது. கன்வேயரில் ஒருவர் கை சிக்கும் நாளில் பொத்தானை அடித்தால் ஒன்றும் நடக்காது. அதனால்தான் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு, சாதாரண நேரத்தில் மூடியிருக்கும் என்.சி. கான்டாக்ட் வைக்கிறார்கள். பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். அழுத்தினாலும் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும். ஆபத்து அதிகமுள்ள இயந்திரங்களில் இப்படி இரண்டு கான்டாக்ட் வைத்து சேஃப்டி ரிலேயில் இணைப்பார்கள், சாதாரண பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் தானாக ஓடவும் கூடாது. ஸ்டார்ட் பொத்தானை ஒருவர் தனியாக அழுத்த வேண்டும்.

இதையெல்லாம் படத்தில் கொண்டுவருபவர்தான் எலக்ட்ரிகல் டிசைன் இன்ஜினியர். மோட்டாருக்கேற்ற கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, கேபிள் அளவு, பேனலின் அமைப்பு, ஒவ்வொரு வயருக்கும் ஓர் எண் என்று எல்லாம் அவர் பொறுப்பு. நள்ளிரவில் பழுது பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் அந்த எண்ணை நம்பித்தான் வேலையில் இறங்குவார். அமானிதம் என்றதும் நமக்குப் பிறர் கொடுத்து வைத்த பணமும் நகையும்தான் நினைவுக்கு வருகின்றன. முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் விரல்களும் அமானிதம்தான். தளத்தில் ஒரு வயரை மாற்றினால், அன்றே படத்தையும் திருத்துவது அதில் சேர்ந்தது.

ஈப்ளான், ஆட்டோகேட் எலக்ட்ரிகல் எல்லாம் பிறகு கற்கலாம். வட்டிக்கு வாங்கி (அதன் பாவம் தனி) கோர்ஸில் சேருவதற்கு முன், பேனல் செய்யும் பட்டறையில் ஆறு மாதம் வயரிங் செய்து பாருங்கள். டிசைன் பெரும்பாலும் அலுவலக வேலை, பெண் பிள்ளைகளுக்கும் ஏற்றது. ஆனால் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் தளத்துக்குப் போக நேரும். பெற்றோர் இதை முன்பே அறிந்திருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டைக் கையால் வரைந்து எடுத்து வாருங்கள். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இணைந்தால் ஷார்ட் சர்க்யூட். அதைத் தடுக்கும் இன்டர்லாக்கை எங்கே வைத்தீர்கள் என்பதுதான், இன்ஷா அல்லாஹ், முதல் கேள்வி.