யந்திரக் கொட்டகையின் தரைப்பூச்சு

டிராக்டரையும் பம்பு யந்திரத்தையும் பழுதுபார்க்கும் கொட்டகையில் வெறும் சிமெண்டுத் தரை எண்ணெயை உறிஞ்சும், தூசியும் கிளப்பும். எபாக்ஸி என்னும் இருபாகப் பூச்சு இவ்விரண்டையும் தடுக்கும். ஆயினும் அவசரப்பட்டுப் பூசினால் அது ஏடேடாகப் பெயர்ந்து பணம் விரயமாகும்.

1. புதுத்தரையைக் குறைந்தது 28 நாள் விட்டுவைக்க வேண்டும்.

2. பின்பு 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் விளிம்புகளைத் தரையோடு ஒட்டி, 16 மணி நேரம் வைக்க. அடியில் நீர் கோத்தாலும் தரை கறுத்தாலும் ஈரம் உளது. இன்னும் பொறுக்க வேண்டும்.

3. மேலே படிந்த சிமெண்டுப் பாலாடையைத் தேய்த்து நீக்கித் தூசியைத் துடைக்க. தெளித்த நீர் முத்தாக நில்லாமல் உடனே சுவறினால் தரை பக்குவமாயிற்று. அந்நீரும் முற்றும் உலரவேண்டும்.

4. இரு பாகங்களையும் டப்பாவிற் கண்ட அளவுப்படி, உடனே பூசக்கூடிய மட்டும் கலக்க. வெப்பத்தில் கலவை விரைவில் இறுகும். கதவுகளைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து பூசுக.

5. முதற்பூச்சு உலர்ந்தபின் இரண்டாவது பூசுக. வழுக்காதிருக்க நுண்மணலைத் தூவலாம். ஒரு வாரத்திற்குச் சக்கரம் ஏற்றலாகாது.

பொதுக் கொட்டகை கட்டுவிக்கும் கிராம அதிகாரிகள் ஈரச் சோதனையைத் தாமே நேரிற் கண்ட பின்னரே பூச்சுக்கு அனுமதி அளிப்பார்களாக.